எதிரே வந்தவர்

என் மாமனார் ராஜாமணி ஒரு தினுசான ஆள். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று தெரிந்தால் போதும், மனுஷன் காணாமல் போய்விடுவார். என் கல்யாணத்தன்று பெண்ணைப் பெற்றவர் எங்கே என்று தேடினால், சமையல் கொட்டகைக்குப் பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே கோபம். அகதி முகாமில் பெண் எடுக்கிறேன் என்று என் வீட்டில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் சமாளித்து நான் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறேன், இவர் வெங்காயத்துக்குக் காவல் இருக்கிறார். "உங்கப்பாவுக்கு என்னா அவ்ளோ பிகு?" என்று மணவறையிலேயே யுவராணியிடம் கேட்டுவிட்டேன். "அப்பா அப்படித்தாங்க. விடுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கோபம் எனக்கு எப்போதும் மூக்கு மேலே. காரிமங்கலம் சந்தையில் என் தக்காளிக்கு விலை கேட்கிறவன்கூட, "முனிராஜண்ணங்கிட்டயா, பாத்துப் பேசு" என்று பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் வருவான். யுவராணி எனக்கு நேர் எதிர். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், நூறு நாள் வேலைக் கூலி ஏறவில்லை என்றாலும், முதியோர் பென்ஷன் நின்றுபோனாலும் எங்கள் வாசலில்தான் கூட்டம். மனு எழுதுவாள், தாலுகா ஆபீசுக்குக் கூடவே போவாள், வேலை முடியாமல் வரமாட்டாள். தேர்தல் நாளில் நடக்க முடியாத கிழவிகளை ஆட்டோவில் ஏற்றி ஓட்டுச் சாவடி வரைக்கும் கொண்டுபோய் விடுவாள். அவளுக்கு மட்டும் ஓட்டு கிடையாது. சாவடிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருப்பாள்.

அவளுடைய அப்பா அம்மா இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். இவள் பிறந்ததும் படித்ததும் இங்கே, அணைக்கட்டுப் பக்கத்து முகாமில். ஆனாலும் காகிதப்படி அவள் அகதி. என்னைக் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, என் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருக்கிற அகதி. எனக்கு இதெல்லாம் பெரிதாக உறைத்ததில்லை. ஓட்டுப் போட்டு நாம் என்ன கண்டோம் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி இந்தத் தடவை பெண்களுக்கு என்று பேச்சு வந்தது. மறுநாளே பத்துப் பதினைந்து பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "யுவராணி நிக்கட்டும். வேற யாரு இருக்கா?" என்றார்கள். முன்பு தலைவராக இருந்த குருவுக்குத் தன் பெண்டாட்டியை நிறுத்துகிற எண்ணம். அவர் டீக்கடையில் வைத்து, "ஓட்டே இல்லாதவளுக்கு எதுக்குத் தலைவர் ஆசை?" என்று கேட்டிருக்கிறார். அது காதுக்கு வந்ததும் நான் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். யுவராணி கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவரு சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "எனக்குத் தலைவர் பதவி கெடைக்கலைன்னாகூடப் பரவால்ல. ஒரு தடவையாச்சும் சாவடிக்குள்ள போயி ஓட்டுப் போடணும். அதுக்கு வழி இருக்கான்னு கேட்டுப் பாப்பமா?"

இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று எதுவும் வேண்டும் என்று கேட்டதே இல்லை. வேப்பமரத்தடியில் அவளை நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்கு உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த நாளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

தர்மபுரியில் கலைவாணன் என்று ஒரு வக்கீல். முகாம் ஆட்களுக்காக நிறைய அலைந்தவர். அவர் யுவராணியின் முகாம் அட்டையைப் பார்த்தார். பிறந்த தேதி 19 ஜூலை 1987 என்று இருந்தது. உச்சுக்கொட்டினார்.

"என்னாங்க வக்கீல் சார்?"

"எம்பத்தேழு ஜூலை ஒண்ணாந்தேதிக்கு முந்தி இந்தியாவுல பொறந்திருந்தா, அப்பா அம்மா யாருன்னு சட்டம் கேக்காது. மண்ணுல பொறந்தாச்சு, குடியுரிமை வந்தாச்சு. அன்னையில இருந்து பொறந்தவங்களுக்கு, அப்பாவோ அம்மாவோ ஒருத்தராச்சும் இந்தியரா இருக்கணும். உங்க வூட்டம்மாவுக்கு ரெண்டு பேருமே அந்தப் பக்கம். மூணு வாரத்துல போச்சு."

"நான் இந்தியன்தான? என்னைக் கட்டியிருக்காளே?"

"பாஸ்போர்ட் இல்லாம வந்த குடும்பம்னு அதுலயும் முட்டுக்கட்டை இருக்குது."

"அவங்க தாத்தா மொரப்பூர்ல ரயில் ஏறி அங்க தேயிலைத் தோட்டத்துக்குப் போனவருங்க. இந்த ஊருக்காரங்கதான்."

"அதுக்கும் வழி இருக்குது முனிராஜ். ஆனா கோர்ட்டு, கேசுன்னு வருஷக்கணக்கா ஆவும். இந்தத் தேர்தலுக்கு ஆவாது." அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "முகாம்ல தேதியெல்லாம் வாய்ச்சொல்லுதான். சொன்னதை எழுதிக்குவாங்க. ஆஸ்பத்திரியில பொறந்திருந்தா உண்மையான தேதி பிறப்புப் பதிவுல இருக்கும். ஜூன் முப்பதுன்னு இருந்தாக்கூடப் போதும். தேடிப் பாருங்க."

தேடினோம். பதிவு அலுவலகத்தில் இருந்தவர் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்தையும் பார்த்துவிட்டு, அப்படி ஒரு குழந்தையே பிறக்கவில்லை என்றார். நான் சும்மா வருவேனா? "கொழந்த பொறக்காம இவ வானத்துல இருந்து குதிச்சாளா? பக்கத்தைக் கிழிச்சிட்டீங்களா, கரையானுக்குப் போட்டீங்களா?" என்று கத்தினேன். பாவம், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். இல்லை.

முகாமுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். மாமியார் பெயர் நஞ்சம்மாள். மாமனார் வேலைக்குப் போயிருந்தார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. எழுபத்தைந்து வயதிலும் ஏணி ஏறுகிற ஆள். "நாளைக்குப் பத்திரிகைக்காரங்களக் கூட்டிட்டுப் போயி அந்த ஆபீஸ் வாசல்லயே உக்காரப் போறன் அத்த. அந்த ஆள நான் சும்மா விடப் போறதில்ல" என்றேன். யுவராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் தொங்கிப் போயிருந்தது.

நஞ்சம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்த மனுஷனத் திட்டாதீங்க மாப்ள. அவரு மேல தப்பில்ல. தேடுற எடந்தான் தப்பு."

"என்னா சொல்றீங்க?"

"சித்திரையில தேடச் சொல்லுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அப்புறம் உட்கார்ந்து சொன்னார்.

மாமனார் சித்திரை மாதத்தில் பிறந்தவராம். சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்று நம் ஊரில் சொல்கிறார்களே, ஆடியில் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அதே கணக்கு கடல் தாண்டிப் போனவர்களிடமும் கூடவே போயிருக்கிறது. இவர் மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போது, தோட்டத்தில் மரம் முறிந்து விழுந்து இவருடைய அப்பா செத்துப்போனார். அன்றிலிருந்து இவருக்கு 'அப்பனைத் தின்னவன்' என்றுதான் பேர். பெற்றவளே மடியில் வைக்கவில்லையாம். யாரோ ஒரு அத்தை வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறார். யாராவது வெளியே கிளம்பினால், "டேய், எதுக்க வராத, உள்ள போ" என்பார்களாம். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வெங்காய மூட்டைக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் மகனுக்குப் பெயர் வைத்த அன்று, வராமலே இருந்துவிட்டாரே என்று ஆறு மாதம் நான் அவரிடம் பேசவில்லை. என்ன மனுஷன் நான் என்று இருந்தது.

"தீபாவளிக்கு முந்தி அவர ஆர்மிக்காரன் புடிச்சிட்டுப் போயிட்டான்" என்றார் நஞ்சம்மாள். "அப்ப எனக்கு மூணாம் மாசம். அவருக்கு இன்னும் சொல்லல. கணக்குப் போட்டுப் பாத்தன், சித்திரையில உழுந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தள்ளிப் போட்டன். அதுக்குள்ள அவரில்ல. எங்கண்ணன்தான் என்னைப் படகுல கூட்டியாந்துச்சு. இவ இங்க ஆஸ்பத்திரியில பொறந்தா. அடுத்த மாசி மாசம் அவரு விடுதலையாகி வந்து சேந்தாரு. புள்ளயத் தூக்கவே இல்ல, மொதல்ல கேட்டது, 'எந்த மாசம் பொறந்துச்சு?'ன்னுதான். நான் ஆடின்னு சொல்லிட்டன்."

"நம்பிட்டாரா?"

"கஞ்சித் தண்ணி குடிச்சு வளந்த புள்ள மாப்ள. பத்து மாசத்துப் புள்ளைய ஏழு மாசம்னா யாரும் நம்புவாங்க. நான் சொன்னதும் அவரு இவளத் தூக்கி நெஞ்சுல வெச்சுக்கிட்டு அழுத அழுவ இன்னும் என் கண்ணுலயே இருக்குது. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? அதுக்கப்புறந்தான் எங்களுக்குத் தனி அட்டை போட்டாங்க. அவரே போயி ஆடி மூணாந்தேதின்னு எழுதிக் குடுத்துட்டு வந்தாரு."

யுவராணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் நான் பதிவு அலுவலகத்துக்குப் போய் அந்தக் கண்ணாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். மே மாதம் இரண்டாம் தேதியில் இருந்தது. பெண் குழந்தை, தாய் நஞ்சம்மாள், தந்தை ராஜாமணி, அணை முகாம். அந்தக் கண்ணாடிக்காரரே சந்தோஷத்தில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வக்கீலுக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு விஷயம் சொன்னார். "முகாம் அட்டையில தேதி சொன்னது அப்பா. அதே தேதிதான் ஸ்கூல்லயும் இருக்குது. மாத்தணும்னா, நான் சொன்னது தப்பு, எம் பொண்ணு பொறந்தது மே மாசம்னு அவரே சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். சீக்கிரம் போட்டாத்தான் வாக்காளர் பட்டியல்ல பேரு ஏறும். பட்டியல்ல பேரு இல்லாம வேட்புமனு குடுக்க முடியாது."

நஞ்சம்மாள் இதைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "வேணாம் மாப்ள. எம் பொண்ணுக்கு ஓட்டும் வேணாம், பதவியும் வேணாம். எஞ்சின நாளு அந்த மனுஷன் நிம்மதியா இருந்துட்டுப் போவட்டும்."

பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் யுவராணி முந்திக்கொண்டாள். "அம்மா, அப்பாகிட்ட சொல்லு. அப்புறமும் அவரு மாட்டேன்னா நான் விட்டுர்றன். சொல்லாமயே நீ முடிவு பண்ணாத." குரல் உயரவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. "நானும் இத்தன வருஷமா வெளியவே நிக்கறம்மா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னார்கள். நானும் இருந்தேன். மாமனார் முழுக்கக் கேட்டார். எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பிரஷ்ஷும் டப்பாவும் வைத்திருக்கிற பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. நஞ்சம்மாள் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். "அணைப் பக்கம் பாருங்க மாப்ள" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு கரை முழுக்கப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் விசாரித்தேன். கடைசியில் காரிமங்கலத்தில் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. இவர் மட்டும் ஏணி மேல் நின்று சுவருக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அடித்து முடித்த சுவர். அதன் மேலேயே திரும்பவும் அடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எறங்குங்க" என்று கத்தினேன். பயத்தில் வந்த கத்தல் அது.

மெதுவாக இறங்கினார். கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"பேப்பர்ல சித்திரைன்னுதான் இருக்குதா மாப்ள?"

"மே ரெண்டாந்தேதி. சித்திரைதாங்க."

"தெளிவா இருக்குதா?"

"இருக்குதுங்க. நானே பாத்தன்."

பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை முழுக்கப் பச்சை.

"எங்கப்பா போனப்ப அவருக்கு இருவத்தஞ்சு வயசு. எனக்கு மூணு மாசம். நான்தான் தின்னுட்டன்னாங்க. எங்கம்மாவும் அதத்தான் நெனச்சா. நானும் அதத்தான் நெனச்சன். மண்டபம் கரையில படகுல இருந்து எறங்குனப்பகூட, நான் கால் வெச்சா இந்த ஊருக்கும் ஏதாச்சும் ஆயிருமோன்னு ஒரு நிமிசம் தண்ணியிலயே நின்னன்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எம் பொண்ணு சித்திரையில பொறந்திருக்கா. அப்பன் நான் உசுரோட இருக்கறன். ஆர்மிக்காரன் புடிச்சும் சாவல. படகுல வந்தும் சாவல. எழுவத்தஞ்சு வயசுல ஏணி மேல ஏறி நிக்கறன்." என் முகத்தைப் பார்த்தார். "அப்படின்னா, நானும் எங்கப்பனத் திங்கல. இல்லீங்களா மாப்ள?"

அவர் பச்சைக் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்க மாமா. நீங்க யாரையும் திங்கல" என்றேன். அதற்குமேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். அப்பா செத்ததற்கு அவர் அழுதது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் அவருக்கு அந்த உரிமையையே யாரும் கொடுத்திருக்கவில்லை.

வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நஞ்சம்மாளைப் பார்த்து, "முன்னயே சொல்லியிருந்தா நானும் முன்னயே தெரிஞ்சிக்கிட்டிருப்பனே" என்றார்.

"முன்னயே சொல்லியிருந்தா இவளத் தொட்டிருப்பீங்களா?"

"தொட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு சாப்பாடு போடச் சொன்னார்.

திங்கட்கிழமை வக்கீல் ஆபீசில் சத்தியப் பத்திரத்தைப் படித்துக் காட்டினார்கள். 'எனது மகள் சித்திரை மாதம்' என்று எழுதவில்லையே, வெறும் மே என்றுதானே இருக்கிறது என்று மாமா கேட்டார். இதுக்கு மே போதும் என்றார் கலைவாணன். "சித்திரையும் சேத்துப் போடுங்க சார். தெரியட்டும்" என்று பிடிவாதமாக நின்று சேர்க்க வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

குரு தரப்பில் ஆட்சேபணை கொடுத்தார்கள். விசாரணைக்கு இரண்டு தடவை போய் வந்தோம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று யுவராணி முன்கூட்டியே சத்தியம் வாங்கியிருந்தாள். பிறப்புச் சான்றிதழையும் ராஜாமணி மாமாவின் பத்திரத்தையும் பார்த்துவிட்டு அதிகாரி ஒப்புக்கொண்டார். பட்டியல் வந்தபோது யுவராணி தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். அதற்குப் பிறகு வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

வேட்புமனு கொடுக்கிற அன்று காலையில் வாசலில் நல்ல கூட்டம். எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், யாராவது நல்ல ஆளாக எதிரே வர வேண்டும். பக்கத்து வீட்டு அமுதவல்லி நிறைகுடத்தோடு தெருமுனையில் தயாராக நின்றாள். அவளுக்குச் சைகை காட்டலாம் என்று நான் கையைத் தூக்கினேன்.

அதற்குள் முனையில் ராஜாமணி மாமா திரும்பினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். நடுத்தெருவில் நடந்து வந்தார். அமுதவல்லி குடத்தோடு நின்றுவிட்டாள். கூட்டத்தில் யாரோ, "பெரியவர ஓரமா வரச் சொல்லுங்கப்பா" என்றார்கள். நான் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டார்.

மாமா நேராக யுவராணியின் எதிரே வந்து நின்றார். அவர் நகக்கண்ணில் இன்னும் பச்சை போகவில்லை. மகளின் தலையில் கை வைத்தார்.

"போயிட்டு வாம்மா" என்றார்.

யுவராணி வண்டியில் ஏறி என் பின்னால் உட்கார்ந்தாள். காரிமங்கலம் ரோட்டுக்கு வந்தோம். பிறகு என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஸ்கூலுக்குப் போனப்ப, பரீச்சைக்குப் போனப்ப, கல்யாணத்துக்குக் கெளம்புனப்ப எல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பாப்பனுங்க. இன்னைக்குத்தாங்க எங்கப்பா எதுக்க வந்தாரு."